நட்டஈடு என்னும் சொல்

கிளிநொச்சிப் பகுதியிலே காலபோக வேளாண்மை வெள்ளத்தாலோ வரட்சியாலோ பாழ்பட்டுப் போகுமாயின், வயலில் நின்ற நீர் வடிவதற்கு முன்னரே ஊரெங்கும் நடமாடத் தொடங்கிவிடும் சொல் ஒன்று உண்டு. நட்டஈடு என்பதே அச்சொல். தேநீர்க் கடையிலும், கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும், கமநல சேவை நிலையத்தின் வாயிலிலும் அதுவே பேச்சு. காப்புறுதித் துறையின் கலைச்சொல்லாகச் சட்டப் புத்தகங்களில் உறங்கவேண்டிய ஒன்று, இங்கு எழுத்தறியாத முதியவர் வாயிலும் இயல்பாக வழங்குகின்றது. ஆயின், அவர் கருதும் பொருளும், படிவத்தை அச்சிட்டவர் கருதும் பொருளும், வீதியோரக் கொட்டகையில் இருந்து அதனை வேண்டாமென்று மறுக்கும் தாய் கருதும் பொருளும் ஒன்றல்ல. ஒரே சொல்லினுள்ளே இத்தனை பொருள் முட்டி மோதுவதற்குக் காரணம் யாது என்பதைத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் ஆராய்ந்து பார்க்க விரும்பினேன். ஆராய்ச்சி இலக்கணத்தில் தொடங்கியது. அங்கேயே நின்றுவிடவில்லை.

முதலில் இலக்கணம். 'இடு' என்னும் வினையடி முதலெழுத்து நீண்டு 'ஈடு' ஆகிறது. கெடு என்பது கேடு ஆவதும், பெறு என்பது பேறு ஆவதும், சுடு என்பது சூடு ஆவதும் இவ்வாறே. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆகவே ஈடு என்பது இடப்பட்டது. வெறுமையான ஓர் இடத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டது. மதிப்பீடு, ஒதுக்கீடு, குறியீடு, முறையீடு என்று எத்தனையோ சொற்களின் வாலாக அது நிற்கின்றது. தனித்து நிற்கும்போது ஒப்பு, வலிமை, தகுதி, கவசம் எனப் பல பொருள் தரும். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன விரிவுரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுத, அது 'ஈடு' என்றே பெயர் பெற்றது. மூலத்துக்கு ஒப்பானது என்பது அப்பெயருக்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. மூலத்தைக் காக்கும் கவசம் என்பது இன்னொன்று. ஒப்பும் காப்பும் ஒரே சொல்லில் அமைந்திருத்தலைக் கவனிக்க வேண்டும். காப்புறுதிக் கோட்பாடு முழுவதும் இவ்விரண்டினுள் அடங்கிவிடுகிறது.

'நட்டம்' வடமொழி வழிவந்தது. நஷ்டம் என்பதன் தமிழ் வடிவம். சைவ மரபில் வந்த காதுகளுக்கு நட்டம் என்றால் கூத்தப்பிரானின் ஆடலே முதலில் நினைவுக்கு வரும். இழப்பும் ஆடலும் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. புணர்ச்சி விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றி எழுதினால் நட்டம், ஈடு என்பன சேர்ந்து 'நட்டவீடு' என்றாக வேண்டும். அவ்வாறு எழுதினால் இழந்த வீடு என்றே எவரும் படிப்பர். 2009க்குப் பின் திரும்பிவந்து, கூரையற்ற சுவர்களைப் பார்த்து நின்ற எங்கள் ஊரார் அந்தப் புணர்ச்சியைப் பிழை என்று சொல்லமாட்டார்கள்.

தமிழகத்திலே இத்துறைக்குக் 'காப்பீடு' என்று பெயர். ஈழத்திலோ 'காப்புறுதி' என்கிறோம். இரண்டுக்கும் காப்பு பொது. கையில் அணியும் காப்பும், விழாத் தொடக்கத்தில் கட்டும் காப்பும், நூலின் முகப்பில் நிற்கும் காப்புச் செய்யுளும், பிள்ளைத்தமிழின் முதற் பருவமும் அதுவே. தீங்கு வாராமல் தடுக்கும்படி தெய்வத்தை வேண்டுவது அதன் பழைய கருத்து. புதிய காப்போ தீங்கைத் தடுப்பதில்லை. தீங்கு வந்த பின்னர் எண்ணிப் பார்த்துப் பணம் கொடுக்கும். சொல் மாறாமல் இருக்கப் பொருள் முழுவதும் மாறிவிட்டது. பின்னொட்டில்தான் இரு நாடும் வேறுபடுகின்றன. தமிழகத்தார் ஈடு என்றனர். நாம் உறுதி என்றோம். எங்கள் வழக்கில் உறுதி என்பது மனத்திண்மை மட்டுமன்று. காணிக்குரிய ஆவணமும் உறுதிதான். 'காணி உறுதி இருக்கிறதா?' என்று கேட்டால் யாழ்ப்பாணத்தவர் பெட்டகத்தைத் திறப்பார். கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டக் காணிகளில் வாழ்வோர் பலரிடம் இருப்பது உறுதியன்று, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். அதுவும் இல்லாதவர் குத்தகைக்கு உழுவோர். ஆக, உறுதியில்லாதவர் மிகுந்த மண்ணில் காப்புறுதி என்ற சொல் முதலடியிலேயே தடுமாறுகிறது. ஈடு என்ற சொல்லுக்கும் இங்கு இத்தகைய ஒரு வழக்கு உண்டு. காணியைக் கடனுக்குப் பிணை வைப்பதை ஈடு வைத்தல் என்போம். அரச ஈட்டு முதலீட்டு வங்கி என்ற பெயரில் இன்றும் அது வாழ்கிறது. கடன்பட்டவன் வைப்பதும் ஈடு, இழந்தவன் பெறுவதும் ஈடு. வயலை ஈடு வைத்து விதைத்து, அழிந்த பயிருக்கு ஈடு பெற்று, அதனை ஈட்டுக் கடனுக்கே கட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கும் கமக்காரனை நான் அறிவேன். அவன் வாழ்க்கையை ஒரே சொல்லால் எழுதிவிடலாம்.

இனி, இழப்புக்கு ஈடு செய்தல் என்ற எண்ணம் மேனாட்டார் கொண்டுவந்தது என்று கருதுவோர் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். கோயிலில் ஒரு நுந்தா விளக்கு எரிவதற்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். அவ்வாடுகளுக்குக் கல்வெட்டு இடும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத ஆடு, மூப்படையாத ஆடு! உலகில் அப்படி ஓர் ஆடு உண்டா? கணக்கில் உண்டு. இறக்கும் ஆட்டுக்குப் பதிலாகக் குட்டியை எண்ணிக்கொள்ள வேண்டும், தொகை குறையக்கூடாது, நோயோ வரட்சியோ வந்தால் அந்த இழப்பு இடையனைச் சாரும், கோயிலைச் சாராது. ஆபத்தின் சுமையை வலியவன் தோளிலிருந்து மெலியவன் தோளுக்கு மாற்றிவிடும் ஒப்பந்தமொன்றை இத்தனை அழகான தொடரால் மூடிவைத்திருக்கிறார்கள். கோயில் பெற்ற காப்புறுதிக்குக் கட்டுப்பணம் செலுத்தியவன் இடையன்.

அதே கல்வெட்டுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. வேட்டையின்போது தவறுதலாக எய்த அம்பினால் மனிதன் ஒருவன் இறந்துபட்டால், எய்தவனைக் கொல்லாமல், திருவிளக்குக்கு ஆடு கொடுக்கும்படி தீர்ப்பளித்த நிகழ்ச்சிகள் பொறிக்கப்பட்டுள்ளன. இறந்தவன் உயிருக்கு ஈடு விளக்கு. விளக்கு எரிவது கோயிலில். இறந்தவனுடைய மனைவியின் குடிசையில் அன்று. இவ்வழக்கத்துக்கு மாறாக, ஊரைக் காத்து மடிந்த வீரனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்த வழக்கும் இருந்தது. உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். உதிரத்துக்காகக் கொடுத்த நிலம் என்ற நேரான பெயரை இட்ட அக்காலத்தவரின் துணிவு, இன்றைய அரச சுற்றறிக்கைகளை எழுதுவோருக்கு வாய்க்கவில்லை என்றே சொல்வேன்.

மேனாட்டில் இத்தொழில் கடல் வாணிகத்தோடு வளர்ந்தது. இன்று கிடைக்கும் காப்புறுதி ஒப்பந்தங்களுள் மிகப் பழையது 1347இல் ஜெனோவாவில் எழுதப்பட்டது. லண்டனில் எட்வேட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூடிய கப்பற்காரரும் வணிகரும் அதனைப் பெருந்தொழில் ஆக்கினர். அவர்கள் நட்டஈட்டுக்கு வழங்கிய ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு 'ஊறின்மை' என்று பொருள். இழப்பு நேரவே இல்லை என்று சொல்லத்தக்க நிலைக்கு ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவது என்பது கருத்து. கட்டுப்பணத்துக்குரிய சொல்லோ இலத்தீனில் வெகுமதி, கொள்ளையில் கிடைத்த பங்கு என்று பொருள்படும். கொடுப்பவனுக்குக் கட்டணம், பெறுபவனுக்கு வெகுமதி; எந்தப் பக்கத்திலிருந்து அச்சொல் வந்தது என்பது விளங்குகிறது. எங்கள் நாட்டில் தேர்தல் வேட்பாளர் கட்டுவதும் கட்டுப்பணந்தான். அதனை இழந்தவரைக் கண்டு ஊர் சிரிக்கும். ஆண்டுதோறும் கட்டி ஒன்றும் பெறாதவரைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை.

ஊறின்மை என்ற கோட்பாட்டுக்கு இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் எல்லை வகுத்தன. 1883இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு சட்ட மாணவர் எல்லாரும் படிப்பது. வீடொன்றை விற்க ஒப்பந்தம் செய்த ஒருவர், விற்பனை முற்றுப்பெறுமுன் அது தீப்பற்றவே, காப்புறுதிக் கம்பனியிடம் பணம் பெற்றார். பின்னர் வாங்குபவரிடம் முழு விலையும் பெற்றார். இரண்டையும் வைத்துக்கொள்ளலாகாது என்பது தீர்ப்பு. இழந்ததற்கு மேல் ஒரு சதமும் இல்லை. நட்டஈடு இலாபம் ஆகாது. நியாயமான விதிதான். ஆனால் அதன் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். இழப்புக்கு முன்னர் நீ எந்த நிலையில் இருந்தாயோ அந்த நிலைக்கு உன்னைத் திருப்பி அனுப்புவேன் என்கிறது சட்டம். முன்னிருந்த நிலை மாளிகையாயின் மாளிகைக்கு. கடன்பட்ட குடிசையாயின் கடன்பட்ட குடிசைக்கு. உடைமையே இல்லாதவனைத் திருப்பி அனுப்ப இடமே இல்லை.

எமது வயல்களில் இதனைக் கண்கூடாகக் காணலாம். 2018 டிசெம்பர் பிற்பகுதியில் பெய்த பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். வயல்கள் நீரில் மூழ்கின. என் தந்தையார் அவ்வாண்டு குத்தகைக்கு எடுத்து விதைத்த இரண்டு ஏக்கரும் அவற்றுள் அடங்கும். பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. படிவம் நிரப்பும் வேலை, பட்டதாரி மகன் என்பதால், எனக்கு வந்தது. விண்ணப்பித்த அலுவலகத்தின் பெயர் இங்கு வேண்டாம். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்; எங்களை இருத்தித் தண்ணீர் தந்து பேசினார். ஆயினும் படிவத்தில் காணிக்குரியவர் பெயருக்கு ஓர் இடம் இருந்தது. குத்தகைக்காரர் பெயருக்குத் தனி இடம் இருக்கவில்லை. காணிக்காரரின் கடிதம் வேண்டும் என்றார். காணிக்காரரோ நெடுங்காலமாக வெளிநாட்டில் இருப்பவர். அவர் கடிதம் அனுப்பினார். ஆனால் அது வந்து சேர்ந்தபோது காலக்கெடு கடந்துவிட்டது. தந்தையார் கோபிக்கவில்லை. அடுத்த போகத்துக்கு விதைநெல் எங்கே வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே வீடு வந்தார்.

அவரைவிட மோசமான நிலையில் இருந்தோர் எங்கள் வயலில் களை பிடுங்கிய பெண்கள். வெள்ளத்தோடு அவர்களுடைய நாட்கூலியும் போயிற்று. காணிக்காரருக்கு நிலம் இருந்தது. எங்களுக்குப் பயிராவது இருந்தது, இழப்பதற்கு. அவர்கள் இழந்தது இனி வரவிருந்த உழைப்பு. எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. 'எங்கட நட்டத்தை எங்க தம்பி எழுதுறது?' என்று அவர்களுள் ஒருத்தி கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய காப்புறுதிச் சட்டத்தை நான் இன்றுவரை படித்ததில்லை.

இதனால் பயிர்க் காப்புறுதியே பயனற்றது என்று முடிவு கட்டுதல் ஆகாது. மழை அளவை அடிப்படையாகக் கொண்டு வேளாண்மைக்குக் காப்புறுதி செய்யலாம் என்று மைசூரில் ஜே. எஸ். சக்கரவர்த்தி 1920இலேயே விரிவான திட்டம் எழுதினார். இலங்கையில் 1958இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1961ஆம் ஆண்டின் பயிர்க் காப்புறுதிச் சட்டத்தால் அது நிலைபெற்றது. 1973இல் தனிச் சபை அமைந்தது. 1999இல் புதிய சட்டம் வந்தது. அதே 1961ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தைத் தோற்றுவிக்க, 1962 முதல் ஆயுட் காப்புறுதி அரசின் கைக்கு வந்தது. இந்தியா இதனை 1956இலேயே செய்திருந்தது. இடையில் தனியார் மயம் வந்ததும், 2003இல் கூட்டுத்தாபனம் விற்கப்பட்டதும், அவ்விற்பனை செல்லாது என்று 2009இல் உயர்நீதிமன்றம் தீர்த்ததும் வாசகர் அறிந்தவை. அண்மைக் காலத்தில் நெல் முதலிய சில பயிர்களுக்குக் கமக்காரரிடம் கட்டுப்பணம் வாங்காமலே ஒரு வரையறுத்த தொகைவரை காப்பு அளிக்கும் ஏற்பாடும் வந்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் சொல்லாராய்ச்சிக்காரனுக்கு இதில் ஒரு செய்தி உண்டு: கட்டுப்பணம் கட்டிய காலத்தில் 'காப்புறுதிக் காசு' என்றவர்கள், கட்டாத காலத்தில் அதே பணத்தை 'நிவாரணம்' என்கிறார்கள்.

இவ்விடத்தில் சற்றுத் தங்கிச் செல்ல வேண்டும். நிவாரணம், உதவி, நட்டஈடு என்ற மூன்று சொற்களும் வன்னியிலே கடந்த பல ஆண்டுகளாக அருகருகே வாழ்கின்றன. கையில் வருவது மூன்றிலும் பணமோ பொருளோதான். ஆயின் நிவாரணத்துக்குப் பின்னால் ஓர் அனர்த்தம் நிற்கிறது. உதவிக்குப் பின்னால் ஒரு கொடையாளி நிற்கிறார். நட்டஈட்டுக்குப் பின்னால் ஒரு பொறுப்பாளி நிற்கவேண்டும். ஒப்பந்தத்தாலோ குற்றத்தாலோ பொறுப்பேற்றவர் இல்லாமல் நட்டஈடு என்ற சொல் நிற்காது. போரின் பின்னர் கட்டப்பட்ட வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா தரப்பட்டது. மக்கள் நன்றியோடு பெற்றனர். எங்கள் வீடும் அதில் ஒன்றே. அது உதவி. எங்கள் பழைய வீட்டின் கூரையை உடைத்தவர் எவர், அதற்குப் பொறுப்பு எவருடையது என்ற கேள்வியை உதவி கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாமற் செய்வதே அச்சொல்லின் பணி. குண்டு வீச்சு, மழை வெள்ளம் ஆகிய இரண்டும் அரச படிவங்களில் 'அனர்த்தம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்துவிட்டால், பொறுப்பாளி தேவையற்றவர் ஆகிவிடுகிறார்.

பொறுப்பாளியே நட்டஈடு பெற்ற வரலாறும் உலகில் உண்டு. 1781இல் ஸொங் என்ற கப்பல் ஆபிரிக்க அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமேக்காவை நோக்கிச் சென்றது. குடிநீர் போதாது என்று சொல்லி, 130க்கு மேற்பட்ட மனிதர்களை மாலுமிகள் உயிருடன் கடலில் எறிந்தனர். லிவர்ப்பூல் நகரத்துக் கப்பற்சொந்தக்காரர் அதன்பின் செய்தது யாது? ஒரு தலைக்கு 30 பவுண் வீதம் காப்புறுதிப் பணம் கோரினர். நோயால் இறந்தால் இழப்பு சொந்தக்காரருடையது. கப்பலைக் காப்பதற்காகச் சரக்கை எறிந்தால் இழப்பு காப்புறுதியாளருடையது என்பது அக்காலக் கடற்சட்டம். 1783இல் யூரிமார் சொந்தக்காரர் பக்கம் தீர்த்தனர். மான்ஸ்பீல்ட் பிரபு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். வழக்கு முழுவதும் பணம் யாருக்கு என்பது பற்றியது. கொலை என்று எவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. 1833இல் பிரித்தானியா தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு அன்று, அவர்களை இழந்த எசமானருக்கு. அதற்காகப் பெற்ற கடன் 2015இல்தான் முழுவதும் தீர்க்கப்பட்டது.

எமது நாட்டிலும் இதன் சிறு நிழல் உண்டு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது பிரித்தானியக் கம்பனிகளுக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. அத்தோட்டங்களை உண்டாக்கிய தொழிலாளரில் பெரும்பாலோர் 1948இல் குடியுரிமையை இழந்தவர்கள். 1977இலும் அதன் முன்பின் நிகழ்ந்த வன்செயல்களிலும் அடிபட்டு வன்னிக்கு வந்து சேர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் இழந்த குடியுரிமைக்கு எவரும் ஈடு கணக்கிட்டதில்லை. காணி பெற்றோர் சிலர். இன்றும் களை பிடுங்குவோர் பலர்.

சட்டம் இத்தனைக்கும் இடையில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆயுட் காப்புறுதி நட்டஈட்டு ஒப்பந்தம் அன்று என்று 1854இலேயே இங்கிலாந்தின் நீதிமன்றம் தீர்த்தது. வீட்டுக்கும் கப்பலுக்கும் நெல்லுக்கும் ஈடு உண்டு; உயிருக்கு ஈடு கணக்கிட இயலாது; ஆகவே ஆயுட் காப்புறுதியில் கொடுப்பது முன்னரே பேசிக்கொண்ட ஒரு தொகை மட்டுமே. அதற்கு முன்னர், 1774ஆம் ஆண்டுச் சட்டம், பிறருடைய உயிரின்மீது பந்தயம் கட்டுவதுபோற் காப்புறுதி எடுத்த வழக்கத்தைத் தடுத்திருந்தது. வணிகத்தின் சட்டமே உயிருக்கு ஈடில்லை என்று சொல்லியிருக்க, ஸொங் கப்பலின் மனிதருக்கு ஈடு கோர முடிந்தது எவ்வாறு? அவர்கள் சரக்கு என்று எழுதப்பட்டமையால். ஓர் உயிருக்கு ஈடு பேசத் தொடங்கும் கணத்திலேயே அந்த உயிரைச் சரக்குப் பட்டியலுக்கு மாற்றிவிடும் ஆபத்து இருக்கிறது.

பழைய கதை ஒன்றும் இதனோடு ஒட்டி நினைவுக்கு வருகிறது. கன்று ஒன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனுக்கு அதே தண்டனை அளித்த மன்னன் கதையைப் பெரியபுராணம் திருவாரூரில் வைத்துக் கூறுகிறது. மகாவம்சம் அதனை அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. தமிழரும் சிங்களவரும் பகிர்ந்துகொண்ட கதைகளுள் இது முக்கியமானது. பெரியபுராணத்தில் அமைச்சர்கள் வேதியர் வகுத்த பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்கின்றனர்; மன்னன் மறுக்கிறான். அவன் செய்த தண்டனையை இன்று நாம் ஏற்கமாட்டோம். அவன் மறுத்ததை மட்டும் கவனிக்கலாம்: பொறுப்பைப் பொருளாக மாற்றிக் கழித்துவிடும் வழி.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். பெரும்பாலோர் தாய்மார். அடுத்த ஆண்டில், 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இதற்கென ஓர் அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள சொல் பரந்த பொருளுடையது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005இல் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளின்படி அதனுள் ஐந்து அடங்கும்: இழந்ததை மீள அளித்தல், பணமாக ஈடு செய்தல், மறுவாழ்வு, உண்மையை வெளிப்படுத்தி மதிப்பை மீட்டல், மீண்டும் நிகழாமைக்கு உறுதி. இவ்வைந்தினுள் பணம் ஒன்று மாத்திரமே. ஆனால் தமிழ்ப் பெயரில் இடம்பெற்ற சொல் 'இழப்பீடு'. தமிழகத்தில் வாகன விபத்துக்கும் பயிர் அழிவுக்கும் வழங்கும் அதே சொல். சிங்களத்தில் 'ஹானிபூரண', ஊறு நிரப்பல். மொழிபெயர்ப்பாளர்மீது குறை சொல்வதற்கில்லை. கைக்கு அகப்பட்ட சொல்லை எடுத்தார். ஆயினும் ஐந்தாக இருந்தது தமிழில் ஒன்றாயிற்று. பெயர்ப்பலகையைப் படிக்கும் தாய்க்கு அங்கே பணம் கொடுப்பார்கள் என்பது மட்டுமே விளங்கும்.

2022 மார்ச்சில் அமைச்சரவை ஒரு குடும்பத்துக்கு 1,00,000 ரூபா வழங்க முடிவு செய்தபோது தாய்மார் அதனை மறுத்தனர். தென்னிலங்கையிலும், ஏன் எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும்கூட, 'தருவதை வாங்கினால் என்ன?' என்று கேட்டவர்கள் உண்டு. காப்புறுதியின் முதற்பாடத்தைப் படித்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். நட்டம் எண்பிக்கப்பட்டால் அன்றி நட்டஈடு இல்லை. ஈட்டை ஏற்பவர் நட்டத்தை ஏற்றவர் ஆகிறார். காப்புறுதிக் கம்பனியின் காசைப் பெற்று ஒப்பமிட்டால் கோரிக்கை முடிந்தது, கோவை மூடப்படும். பிள்ளை இறந்தான் என்று எவரும் சொல்லவில்லை, எங்கே என்றும் சொல்லவில்லை. ஆனால் ஈடு மட்டும் தயாராக இருக்கிறது. இறந்தார் என்று கூறாமல், காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்ததும் இச்சிக்கலை உணர்ந்தே.

'பதில்' என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. அரபு மொழியிலிருந்து உருதுவின் வழியாக வந்தது. மாற்று, ஒன்றுக்கு ஈடாக வைப்பது என்பதே அதன் மூலப்பொருள். 'அவருக்குப் பதிலாக இவர்' என்னும்போது அப்பொருளில் வழங்குகிறோம். விடை என்ற பொருள் பின்னர் வந்தது. தாய்மார் பதில் கேட்கிறார்கள். பதில் தருகிறோம் என்றே அரசும் சொல்கிறது. இரு பக்கமும் ஒரே சொல்லை இரு பொருளில் வழங்கினால் உரையாடல் எப்படி நடக்கும்?

வாங்கியவர்களும் உண்டு. அவர்களைத் துரோகம் செய்தவர் என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு மூதாட்டி, மூத்த மகனைத் தேடி எத்தனையோ விசாரணைகளின் முன் சாட்சி சொன்னவர், ஓர் ஆண்டு மாரிக்கு முன்னர் அத்தொகையைப் பெற்றுக்கொண்டார். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். 'மாமி, யோசிச்சுத்தானே செய்யிறியள்?' என்று கேட்டேன். 'அது என்ர பிள்ளைக்கு ஈடில்லைத் தம்பி, கூரைக்கு ஓடு' என்றார். ஓடு போட்ட பின்னரும் அவர் கந்தசுவாமி கோயிலடிக்குப் போவதை நிறுத்தவில்லை. அங்கிருப்போரும் அவரை ஏன் வாங்கினாய் என்று கேட்கவில்லை.

அந்தக் கொட்டகையில் 2017இல் வந்து அமர்ந்த பெற்றோருள் பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளைப் பிள்ளைகளும் சகோதரரும் வைத்திருக்கிறார்கள். காணி உறுதிகளை வைக்கும் அதே பெட்டியில் வைத்திருப்பவர்களையும், உறுதி இல்லாமையால் இப்பிரதிகளை மட்டும் வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.